அசையா ஆசனம்

இவ்வாண்டு மலருக்குத் தமிழில் ஒரு கட்டுரை வேண்டுமென்று பேராசிரியர் பணித்தபோது, எம் வகுப்பினர் பலரும் கம்பரையும் இளங்கோவடிகளையும் நாடிச் சென்றனர். ஆண்டுதோறும் அப்பெருமக்களை இப்பக்கங்களில் எழுந்தருளச் செய்து களைப்புறுத்திவிட்டோமோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. ஆகவே அவர்களுக்குச் சிறிது ஓய்வளித்து, சென்ற ஐப்பசி விடுமுறையில் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை எழுதத் துணிந்தோம். அஃது ஒரு மோட்டார் வண்டியின் ஆசனம் அசைய மறுத்த வரலாறு. இதனினும் உயர்ந்த பொருள் கிட்டவில்லையோ என்று வினவுவார் எம்மைப் பொறுப்பாராக. அவ்வாசனத்தின் பொருட்டு யாம் அடைந்த வெட்கம் எத்தேர்விலும் அடைந்தறியாதது.

எம் பாட்டியார்க்கு வயது 83. ஆடித் திங்களில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் நடந்தது. மூன்று திங்களாக ஐயரவர்கள் வீட்டிற்கே எழுந்தருளித் திருவிருந்து அளித்து வந்தார்கள். ஆயினும், தாம் மணம்புரிந்த கோயிலில், தாம் அறுபதாண்டு அமர்ந்த தூணோரத்தில் அமர்ந்து திருவிருந்து பெறவேண்டும் என்பதே பாட்டியாரின் ஒரே விண்ணப்பம். அக்கோயில் தேரிக்காட்டின் ஓரத்தில், பனைகள் சூழ்ந்த எம் பழைய ஊரில் உள்ளது. இப்போதைய வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர். மருத்துவர் இசைந்தார். ஆனால் ஒன்று சொன்னார்: இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது, தாழ்ந்த இருக்கையிலும் நெருக்கமான இருக்கையிலும் அமர்த்தலாகாது. நவம்பர்த் திங்கள் முதல் ஞாயிறு என்று நாள் குறித்தாயிற்று.

இதற்கென்றே வாய்த்ததுபோல் இருந்தது எம் பெரியப்பாவின் வண்டி. பல்லாண்டுகள் அயல்நாட்டில் உழைத்துத் திரும்பிய அவர், பிறர் பயன்படுத்தி விற்ற பெரிய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். அதன் முன்னாசனங்கள் பொத்தானை அழுத்திய அளவில் முன்னும் பின்னும் நகரும், மேலே உயரும், முதுகு சாயும். சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளி, உயர்த்தி, சற்றே சாய்த்துவிட்டால் பாட்டியார் காலை நீட்டி அமரலாம். பெரியப்பாவுக்குக் கண்புரை நீக்கிப் பத்து நாளே ஆகியிருந்தமையால் வண்டி ஓட்டலாகாது. தேவைப்படும்போதெல்லாம் வந்து ஓட்டித்தரும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர்.

வியாழன் மாலை பேருந்து நிலையத்திலிருந்து எம்மை அழைத்துவந்தவரும் அவரே. நல்ல மழை. நூல்மூட்டைகளோடு யாம் பின்புறம் ஏறிக்கொண்டு, "அண்ணாச்சி, முன்சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள்" என்றோம். அவர் பொத்தானை அழுத்த, ஆசனம் மெல்ல முனகிக்கொண்டு முன்னே சென்று நின்றது. வீடு சேர்ந்தோம். மறுநாட் காலை, ஞாயிற்றுக்கு ஒத்திகை பார்ப்போம் என்று அண்ணாச்சி ஆசனத்தைப் பின்னே தள்ள முயன்றார். அது நகரவில்லை. உயர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் நடவாது, ஆசனம் வண்டியின் முகப்புப் பலகையை ஒட்டி நின்றது. அவ்விடுக்கில் ஒரு சிறுபிள்ளையை அமர்த்துவதே அரிது.

பிலேயாம் தன் கழுதையை மூன்று முறை அடித்தான். யாம் பொத்தானை முப்பது முறையாவது அழுத்தியிருப்போம்.

இனி இவ்வாசனம் இயங்கும் முறையைச் சிறிது கூறவேண்டும். கூறாவிடில் யாம் செய்த பிழையின் அளவு விளங்காது. ஆசனத்தின் அடியில், ஒவ்வோர் அசைவிற்கும் ஒன்றாகச் சிறு மோட்டார்கள் உள்ளன. மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும் என்பதை 1821-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே செய்து காட்டினார். புத்தகம் கட்டும் தொழில் பழகி, பின் விஞ்ஞானியாகி, சாண்டிமேனியர் என்னும் சிறு சபையில் மூப்பராயும் ஊழியம் செய்த அப்பெரியார் கண்ட அச்சுழற்சியின் வழித்தோன்றல்களே இம்மோட்டார்கள். மோட்டார் விரைந்து சுழலும். அதனோடு இணைந்த பற்சக்கரம் அவ்விரைவைக் குறைத்து வலிமையைக் கூட்டும். நீண்ட திருகு ஒன்று சுழன்று தண்டவாளத்தின்மீது ஆசனத்தை இழுத்துச் செல்லும். மோட்டாருக்கு இரண்டு வயர்கள். பொத்தானைத் தொடாதபோது இரண்டும் எர்த்தோடு, அதாவது வண்டியின் உடலோடு, இணைந்திருக்கும். ஒருபுறம் அழுத்தினால் ஒரு வயர் பேட்டரியின் நேர்முனையைப் பற்றும். மறுபுறம் அழுத்தினால் மற்றது பற்றும். மோட்டாரும் அதற்கேற்ப வலமாகவோ இடமாகவோ சுழலும். எழுவாய் மட்டும் இருந்து பயனிலை இல்லாத வாக்கியம் நிரம்பாததுபோல, வரும் வழி மட்டும் இருந்து திரும்பும் வழி இல்லையாயின் மின்னும் ஓடாது. இவ்வுவமை பிற்பாடு எமக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமையன்று தோன்றியிருக்குமாயின் இக்கட்டுரைக்கு இடமில்லை.

சித்தி மகன் இயற்பியல் பயில்பவன். அவனிடம் மல்டிமீட்டர் ஒன்று இருந்தது. அதனை இரவல் பெற்று, கைப்பேசியில் இரண்டு காட்சிகளைக் கண்டு, மருத்துவர் கோலம் பூண்டோம். முதலில் பியூஸ். ஆசனத்திற்கென அமைந்தது 30 ஆம்பியர் அளவினது. அதன் முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளிலும் மீட்டர் முனையை வைத்துப் பார்த்தோம், இரண்டிலும் 12.5 வோல்ட் காட்டிற்று. என்ஜின் ஓடாதபோது நன்னிலையிலுள்ள பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி நிற்குமாதலின், பேட்டரியும் குற்றமற்றது, பியூசும் குற்றமற்றது. அடுத்து, பின்புறத் தரையில் குப்புறப் படுத்து, ஆசனத்தின் அடியில் உள்ள கனெக்டரில் தடித்த சிவப்பு வயருக்கும் தடித்த கருப்பு வயருக்கும் இடையே முனைகளைச் செருகினோம். 12.4 வோல்ட்! அவ்வளவுதான். மின் ஆசனம் வரை வருகிறது; வந்தும் ஆசனம் அசையவில்லை; ஆகவே மோட்டார் எரிந்துவிட்டது. ஆசனம் தண்டவாளத்தின் முனையை எட்டிய பின்னும் பொத்தானை விடாது அழுத்திப் பிடித்தால் மோட்டார் சூடேறும் என்று அக்காட்சி ஒன்றில் கேட்டிருந்தோம். வியாழன் மாலை அழுத்தியவர் யார்? அண்ணாச்சி. தருக்கம் நிரம்பிற்று.

இதைப் பெரியப்பாவிடம் அண்ணாச்சி கேட்கவே சொன்னோம். மீட்டரையும் கையில் உயர்த்திக் காட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

"நேற்று நன்றாக ஓடியதே, தம்பி. நின்றதும் கையை எடுத்துவிட்டேனே" என்றார் அவர்.

"மீட்டர் பொய் சொல்லுமா, அண்ணாச்சி?" என்றோம்.

பெரியப்பா எரிந்துவிழவில்லை, அப்படிச் செய்திருந்தாலும் நன்றாயிருக்கும். புதிய மோட்டார் எத்தனை ஆயிரம் ஆகுமோ என்றும், ஞாயிறு போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும், சொல்லி அனுப்பும்வரை வரவேண்டாம் என்றும் தாழ்ந்த குரலில் கூறினார். அண்ணாச்சி வண்டிச் சாவியைத் திண்ணையின்மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மழையில் நடந்தார். உள்ளறையில் பாட்டியார், "வண்டி சரியாயிற்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் ஆட்டோ எலக்ட்ரீசியன் வந்தார். எல்லோரும் மேஸ்திரி என்றே அழைக்கும் முதியவர். கையில் ஸ்பானர்ப் பையும், சட்டைப்பையில் டெஸ்ட் லாம்ப் ஒன்றும் இருந்தன. டெஸ்ட் லாம்ப் என்பது வண்டிப் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒன்றின் முனையில் ஊசியும் மற்றதன் முனையில் கிளிப்பும் பொருத்தியது, அவ்வளவே. எம் கையில் இருந்த மீட்டரோடு ஒப்பிட, அஃது இரங்கத்தக்க கருவியாய்த் தோன்றிற்று. மோட்டார் எரிந்ததென்று கண்டுபிடித்துவிட்டதாக யாம் அவர்க்கு அறிவித்தோம். அவர் மறுக்கவில்லை. ஒருக்களித்து அவ்விடுக்கில் நுழைந்து அமர்ந்து, கூரை விளக்கைப் போடச் சொல்லி, பொத்தானைப் பின்னுக்கு அழுத்தியவாறு விளக்கை அண்ணாந்து பார்த்தார். பின்பு உயர்த்தும் பொத்தான். பின்பு சாய்க்கும் பொத்தான். ஒவ்வொரு முறையும் விளக்கையே பார்த்தார்.

"விளக்கு மங்கவில்லை, தம்பி" என்றார்.

சுழலமுடியாமல் சிக்கிக்கொண்ட மோட்டார் பேட்டரியிலிருந்து மிகுந்த மின்னை இழுக்கும். அப்போது விளக்கு ஒரு கணம் மங்கும். பற்சக்கரம் தேய்ந்திருந்தால் மோட்டார் சுழலும் ஓசையாவது கேட்கும். இங்கே ஓசையும் இல்லை, மங்கலும் இல்லை. ஆகவே மோட்டார்களுக்கு மின் போய்ச் சேரவேயில்லை. மேலும் அவர் கேட்டார்: "முன்பின் போக ஒரு மோட்டார், உயர ஒன்று, சாய ஒன்று. மூன்றும் ஒரே ராத்திரியில் எரியுமா?"

எரியாது. இதனை அறிய மீட்டரும் வேண்டா, காட்சியும் வேண்டா. மூன்றிற்கும் பொதுவானது எதுவோ அதில்தான் குற்றம் இருக்கவேண்டும். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தை யாம் பொருளும் இலக்கணக் குறிப்பும் உரைவேற்றுமையும் உட்பட ஒப்புவிக்க வல்லோம். நோய், நோயின் காரணம், அதைத் தணிக்கும் வழி என்னும் வரிசையை எழுதி மதிப்பெண்ணும் பெற்றுள்ளோம். மேஸ்திரி அதைப் படித்திருப்பாரோ மாட்டாரோ, கூரை விளக்கைப் பார்த்தே அவ்வரிசையில் நடந்தார்.

அடுத்து, யாம் படுத்த இடத்திலேயே அவரும் படுத்தார். கையை நீட்டுமுன், "மஞ்சள் கனெக்டரில் மீட்டரை வைத்தீர்களா?" என்று கேட்டார். இல்லையென்றோம். "நல்ல காலம்" என்றார். ஆசனத்தின் விலாவில் காற்றுப்பை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய வயர்களே மஞ்சள் அடையாளம் இட்டவை. அவற்றைக் குத்திப் பார்ப்பதோ, பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுக்காமல் பிரிப்பதோ கூடாது. பை வெடித்து விரியக்கூடும். எம் முகத்திற்கு ஒரு சாண் தொலைவில் அஃது இருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

யாம் மீட்டரைச் செருகிய அதே சிவப்பு வயருக்கும் கருப்பு வயருக்கும் இடையே அவர் தம் பல்பை இணைத்தார். பல்பின் இழை, அணையப்போகும் ஊதுவத்தி முனைபோல் சற்றே சிவந்து நின்றது. கருப்பு வயரிலிருந்து கிளிப்பை எடுத்து, வண்டித் தரையின் வெற்றிரும்பில் கவ்வினார். பல்பு பளீரென்று எரிந்தது. "வருகிற வழி சரி. திரும்புகிற வழிதான் இல்லை. எர்த் போயிற்று" என்றார்.

அப்படியாயின் எம் மீட்டர் 12.4 வோல்ட் காட்டியது எங்ஙனம்? இவ்வினாவை அன்றிரவு சித்தி மகனோடு இருந்து விடுவித்தோம். மீட்டர் தன் வழியே ஏறக்குறைய மின்னையே செல்லவிடாது. அளக்க மட்டுமே செய்யும். ஓடும் மின் மிகச் சிறிதாயிருக்கையில், கெட்ட இணைப்பில் இழக்கப்படும் வோல்ட்டும் மிகச் சிறிதே. 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி இதுவே. கெட்ட இணைப்பின் தடை 20 ஓம் என்றும், புறப்படும் நிலையில் மோட்டாரின் தடை 1 ஓம் என்றும் கொள்வோம். பொத்தானை அழுத்தியவுடன் 12.5 வோல்ட்டில் ஏறத்தாழ 12 வோல்ட்டை அவ்விணைப்பே விழுங்கிவிடும். மோட்டாருக்கு எஞ்சுவது அரை வோல்ட்டைச் சற்றே கடக்கும். யாம் அளந்தபோது யாரும் பொத்தானை அழுத்தவில்லை. பளு ஏற்றாத பாலத்தைப் பார்த்து உறுதியானது என்று சான்றளித்தோம். மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லிற்று.

மேஸ்திரி கருப்பு வயரை விரலால் தொடர்ந்து சென்று, கனெக்டருக்குள் நுழையும் இடத்தில் நிறுத்தினார். விளக்கை அருகே பிடித்தோம். வயர், தான் பொருந்தியிருந்த பின்னிலிருந்து இழுபட்டு, இரண்டு மூன்று செப்பிழைகளின் நுனி மட்டும் பச்சைக் களிம்பின்மீது தொட்டும் தொடாமலும் கிடந்தது. வயர்க்கட்டைத் தரையோடு பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் முறிந்திருந்தது; முறிவு புத்தம் புதிது.

"எதுவோ மாட்டி இழுத்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் வளைந்த சாமான் ஏதாவது வைத்தீர்களா?" என்று பொதுவாகக் கேட்டார்.

பெரியப்பா, "அந்தப் பக்கம் யாரும் ஒன்றும் வைப்பதில்லையே" என்றார்.

யாம் வாய் திறக்கவில்லை. எம் குடை திண்ணை மூலையில் சார்த்தியிருந்தது. பாட்டனார் காலத்து நீண்ட குடை. பிரம்புக் கைப்பிடி கொக்கிபோல் வளைந்தது. வியாழன் மாலை நூல்கள் நனையாதிருக்கும்பொருட்டு அதை முன்னாசனத்தின் அடியில், கைப்பிடி உள்ளே போகுமாறு செருகியதும், வீட்டு வாசலில் இறங்கும்போது அது வராமல் அடம்பிடித்ததும், மழையில் நிற்கப் பொறாது இரு கையாலும் ஓங்கி இழுத்ததும், 'டக்' என்றொரு சிறு ஓசையோடு அது விடுபட்டதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவ்வோசை அப்போதே காதில் விழுந்ததுதான்.

மேஸ்திரி வயர்முனையை வெட்டிச் செப்பம் செய்து, புதிய பின் வைத்து இறுக்கி, பற்றவைத்து, வயர்க்கட்டைக் கால்படாத இடத்தில் உயர்த்திக் கட்டினார். பொத்தானை அழுத்தினார். ஆசனம் அதே பழைய முனகலோடு பின்னே வந்தது, உயர்ந்தது, சாய்ந்தது. 350 ரூபாய் பெற்றுக்கொண்டு போனார். பெரியப்பா மகிழ்ந்து, "எரியவில்லை, தப்பித்தோம். இருந்தாலும் அவன் கொஞ்சம் கவனமாயிருந்திருக்கலாம்" என்றார். அப்போதும் யாம் வாய் திறக்கவில்லை.

எத்தனை நேரம் அப்படியிருந்தோம் என்று எழுத நாணுகிறோம். மாலை ஐந்தரைக்கு ஆசனம் சரியாயிற்று. குடும்ப ஜெபத்திற்கு மணி எட்டு. இடைப்பட்ட நேரத்தில், காலையில் வண்டியோட்ட யாரைக் கூப்பிடுவது என்று பெரியப்பா மூவரிடம் கைப்பேசியில் கேட்டுவிட்டார்; மூவர்க்கும் வேறு வேலை. யாம் குடையை எடுத்து உள்ளறைக் கதவின் பின்னே மாட்டினோம்; பின்பு அங்கிருந்தும் எடுத்துப் பரண்மேல் வைத்தோம். ஜெபத்தில் பாட்டியார், வண்டியைச் சரிசெய்த மேஸ்திரியின் கைகளுக்காகவும், "காலையில் எங்களைக் கொண்டுபோகிற பிள்ளைக்காகவும்" ஸ்தோத்திரம் சொன்னார்கள். வரப்போகிற பிள்ளை யார் என்று அவ்வீட்டில் எவர்க்கும் தெரியாது.

ஆமென் சொல்லி எழுந்ததும் பரணிலிருந்து குடையை எடுத்துவந்து பெரியப்பாவின்முன் வைத்துச் சொன்னோம். அவர் குடையின் வளைவைத் தடவிப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். "என்னிடம் சொல்லி என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணாச்சியின் வீடு வாய்க்காலுக்கு அப்பால். சைக்கிளில் சென்றோம். அவர் உண்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் அவர் மனைவியார் நாற்காலி இழுத்துப் போட்டார், யாம் அமரவில்லை. வழியெல்லாம் நல்ல தமிழில் தொடுத்துவைத்திருந்த சொற்களுள் ஒன்றும் வரவில்லை. "அண்ணாச்சி, மோட்டார் எரியவில்லை. வயரைப் பிய்த்தது என் குடை. நான்தான் இழுத்தேன்" என்றோம்.

அவர் துண்டால் கையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "நான் அழுத்திப் பிடிக்கவில்லை என்று சொன்னேன்" என்றார்.

"ஆமாம், அண்ணாச்சி."

"பெரியவர்முன் மீட்டரைத் தூக்கிக் காட்டினீர்கள்."

"ஆமாம், அண்ணாச்சி. தப்பு."

வேறொன்றும் அவர் அதைப்பற்றிக் கூறவில்லை. பொறுத்தேன் என்றும் சொல்லவில்லை. சிறிது கழிந்து, "பாட்டியம்மாவுக்குக் கோயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எட்டரைக்கு என்றோம். "ஏழு மணிக்குப் புறப்படவேண்டும். மழையில் தேரிப்பாதை மோசமாக இருக்கும்" என்றார்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு வந்துவிட்டார். பெரியப்பா வாசலுக்கே சென்று அவரோடு தனியே பேசினார். என்ன பேசினார் என்பதை யாம் கேட்கவில்லை. வெள்ளைப் புடவையுடுத்து, வேதாகமத்தை மார்போடு அணைத்து, நடைச்சட்டத்தை ஊன்றிப் பாட்டியார் படியிறங்கி வந்தார்கள். அண்ணாச்சி முன்கதவைத் திறந்தார், பொத்தானில் கைவைக்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து, ஆசனத்தின் அடியில் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"என்ன தேடுகிறாய், பிள்ளை?" என்றார்கள் பாட்டியார்.

"குடை ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கிறேன், பாட்டியம்மா" என்று சொல்லி, எம் பக்கம் திரும்பாமலே ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளினார்.